ஒரு பையின் விலை

பட்டர்வொர்த்தை அடுத்துள்ள மாக் மண்டினில் ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. இயந்திரங்கள் ஓயாமல் ஓடும் இடம் அது. அதே செபராங் பிறையில், புக்கிட் மெர்தாஜாமுக்கு அருகே மெங்குவாங் என்ற ஊர் உண்டு. பினாங்கின் மிகப் பெரிய அணைக்கட்டும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. அணையைப் பார்க்கச் செல்லும் பலர், மெங்குவாங் என்பது ஒரு செடியின் பெயர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழ்ப் பெண்கள் கூந்தலில் சூடும் தாழம்பூவுக்கு அது நெருங்கிய உறவு.

மெங்குவாங் ஓலையில் பாயும் கூடையும் பையும் முடைவார்கள். ஓலையின் இரு ஓரங்களிலும் நடு நரம்பிலும் முள் இருக்கும். முதலில் அதைச் சீவி எடுக்க வேண்டும். பிறகு ஓலையை அனலில் வாட்டி, ஒரே அகலமுள்ள கீற்றுகளாகக் கிழித்து, நீவி மென்மையாக்கி, நீரில் சில நாள் ஊறவைத்து, வெயிலில் காயவைப்பார்கள். நிறம் வேண்டுமானால் சாயத்தில் கொதிக்கவைத்து மறுபடியும் உலர்த்த வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் எல்லாம் தள்ளிப்போகும். இவ்வளவுக்கும் பிறகுதான் விரல்கள் பின்னத் தொடங்கும்.

சந்தையில் பேரம் பேசுபவருக்கு இந்த நாள்கள் கணக்கில் வருவதில்லை. ஓலை சும்மா கிடைப்பதுதானே என்று அவர் நினைக்கிறார்.

இந்தக் கணக்கை மாற்ற முயன்றவர்களுள் ஒருவர் சசிபாய் கிமிஸ். நிதித்துறையில் பணியாற்றிய இந்த மலேசியப் பெண்மணி, 2013ஆம் ஆண்டில் ‘எர்த் எயர்’ என்னும் சமூகத் தொழில் நிறுவனத்தைத் தொடங்கினார். சிலாங்கூர், கேரித் தீவில் வாழும் மா மெரி பூர்வகுடிப் பெண்கள் முடையும் ஓலை வேலைப்பாடு, இங்கு நகரத்தார் விரும்பும் கைப்பையாக உருவெடுக்கிறது. நாட்டில் அடைக்கலம் புகுந்த அகதிக் கைவினைஞர்களும் இந்நிறுவனத்தோடு இணைந்து பணியாற்றுகின்றனர்.

எர்த் எயர், உலக நியாய வணிக அமைப்பின் உறுப்பினர். அவ்வமைப்பின் பத்துக் கொள்கைகளுள் ஒன்று கூர்ந்து கவனிக்கத்தக்கது: கைவினைஞர் கேட்டால், பொருளின் விலையில் குறைந்தது 50 விழுக்காட்டை வட்டியின்றி முன்பணமாகத் தர வேண்டும். இது சிறிய விதியாகத் தோன்றலாம். ஆனால், வீட்டில் அரிசி தீர்ந்துவிட்ட ஒருவர், முடித்த பையை வந்த விலைக்குத் தள்ளிவிடுவதைத் தவிர வேறு என்ன செய்வார்? முன்பணம் கையில் இருந்தால் அவர் காத்திருக்கலாம். ஓலை நன்றாகக் காயும்வரை பொறுத்திருக்கலாம். நன்கொடையைவிட இதுவே மதிப்பான உதவி.

பினாங்கில் 2009ஆம் ஆண்டு திங்கட்கிழமைகளில் மட்டும் தொடங்கிய இலவச நெகிழிப்பைத் தடை, 2011 முதல் எல்லா நாள்களுக்கும் விரிந்தது. மக்கள் பையோடு கடைக்குச் செல்லப் பழகினர். எனினும், அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஆலையில் தைத்த மலிவான பைதான். ஓலைப்பையின் விலை கூடுதல் என்பதும் உண்மையே.

முடைபவரின் பிள்ளைகளுக்கோ தொழிற்சாலையில் மாதம் தவறாமல் சம்பளம் கிடைக்கிறது. அவர்களைக் குறைகூற முடியாது. ஓலையும் அதே உறுதியைத் தந்தால் எத்தனை பேர் அம்மாவின் அருகே உட்கார்ந்து முள் சீவக் கற்றுக்கொள்வார்கள்?