சிவப்பு அட்டைக்காரர்கள்

1969இல் எனக்கு விவரம் தெரிகிற வயது. அலோர் காஜா மாவட்டத்தில், புலாவ் செபாங் பக்கத்துத் தீம்பார் ஒன்றில் எங்கள் லயம். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஒட்டுப்பால் வாடை வீசும். எதிர்வீட்டு மாமா பால்மரம் வெட்டுவதில் கெட்டிக்காரர். கத்தியை வைத்தால் பட்டை மெல்லிய சுருளாக விழும். மரத்தில் ஒரு காயம் இருக்காது. புது ஆட்களைக் கங்காணி அவருடைய நிரைக்குத்தான் அழைத்துப்போய்க் காட்டுவார்.

மே 13, கோலாலம்பூரில் கலவரம். இரண்டே நாளில் நாடு முழுக்க அவசரகாலம். ரேடியோ ஒன்று சொன்னது, கடைத்தெருவுக்குப் போய்வந்தவர்கள் வேறொன்று சொன்னார்கள். விளக்கை அணைத்தார்கள், பிள்ளைகளை உள்ளே தள்ளினார்கள், கதவுக்குப் பலகையை முட்டுக்கொடுத்தார்கள், ஆண்கள் கண்விழித்து வாசலில் நின்றார்கள். எங்கள் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பயம் தணிவதற்குள் அடுத்தது வந்து சேர்ந்தது.

குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்திருந்தது. அதை இப்போது கெடுபிடியாக்கினார்கள். குடியுரிமை பெற்ற நீல அட்டைக்காரர்கள் தப்பித்தார்கள். மாமாவும் அத்தையும் குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டை. "சுதந்திரம் கிடைத்தபோதே மனுப் போட்டிருக்கலாமே" என்று இன்று சிலர் சுலபமாகச் சொல்கிறார்கள். பிறப்புப் பத்திரமே கண்ணில் பார்க்காதவர்கள், ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்றிருந்தவர்கள், யாரிடம் போய் என்ன கேட்பார்கள்?

பெர்மிட் வருமா வராதா என்று காத்திருந்த மாதங்களில்தான் மாமா ஒடிந்துபோனார். கை நடுங்கியது. அவர் வெட்டிய மரங்களில் முதன்முதலாகக் காயம் கண்டது. பட்டை பிளந்து வெள்ளைக் கட்டை தெரிந்தது. மாமா அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார். கங்காணி பார்த்தும் பார்க்காதவர்போல நகர்ந்துவிட்டார். அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. இரவில் எழுந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து மூடுவாராம்.

மன அழுத்தம் என்ற பேச்செல்லாம் அப்போது லயத்தில் கிடையாது. ஆனால் செய்ய வேண்டியதை ஜனங்கள் செய்தார்கள். அம்மா தினமும் குழம்புச் சட்டியோடு போய், அத்தை சாப்பிடும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். மாமா நிரையை முடிக்க முடியாத நாளில் பக்கத்து நிரைக்காரர் பால் எடுத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அத்தை வாய்விட்டு அழுதபோது யாரும் தடுக்கவில்லை, கூடவே அழுதார்கள்.

பெர்மிட் கிடைக்கவில்லை. இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று. தம்பின் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிடத் தீம்பாரே திரண்டு போனது. உள்ளூரில் கட்டிக்கொடுத்த மகள் பிளாட்பாரத்தில் நின்றாள். அத்தை ஜன்னல் வழியே அவள் கன்னத்தைப் பிடித்த பிடியை விடவே இல்லை. ரயில் நகர்ந்துதான் விடுவித்தது. பிறகு போர்ட் சுவெட்டன்ஹாம், கப்பல், நாகப்பட்டினம். மாமாவின் கடுதாசிகளில் ஒரே விசாரிப்பு: "என் நிரையை இப்போ யார் வெட்டுறா?"

அந்த நிரை இன்று இல்லை. கித்தா மரங்களை அழித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். மாமாவையும் அத்தையையும் போல நாட்டைவிட்டுப் போனவர்கள் பல்லாயிரம் பேர். காட்டை அழித்துத் தோட்டமாக்கிய கைகளை ஓர் அட்டையின் நிறத்தைப் பார்த்து அனுப்பியது அநியாயம். அதை அநியாயம் என்றே நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

சிவப்பு அட்டையோடு முதுமையை எட்டியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பத்திரம் இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் இருந்தால் தனியாக அனுப்பாதீர்கள். மனுவை எழுதிக்கொடுங்கள், பதிவு அலுவலகத்துக்குக் கூடவே போங்கள்.