கீழே இன்னும் சூடு ஏறுகிறது

வேல்ஸ் நாட்டின் தேசிய அருங்காட்சியகம் 2005 முதல் பள்ளிகளுக்கு டாஃபடில் கிழங்குகளைக் கொடுத்து வளர்க்கச் சொல்கிறது. பிள்ளைகள் வெப்பநிலையையும் மழையையும் குறித்து வைத்து, பூ மலர்ந்த தேதியோடு அனுப்புகிறார்கள். அருமையான பாடம். ஆனால் டாஃபடிலும் டூலிப்பும் பல வாரம் குளிரில் கிடந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். எங்கள் ஊர் அதியமான்கோட்டையின் செம்மண்ணில் அதற்கு வழியில்லை. இங்கே முளையை முடிவுசெய்வது வெயிலும் ஈரமும். அதனால் எங்கள் பள்ளித் தோட்டத்தில் சின்ன வெங்காயமும் சம்பங்கியும் வைக்கிறோம்.

சம்பங்கி பிள்ளைகளின் வீட்டுப் பயிர். “தோண்டின கிழங்க ஒடனே நடக் கூடாது மிஸ், ஒரு மாசம் நெழல்ல கெடக்கணும்” என்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையும் 30 நாள் என்றே சொல்கிறது. வெங்காயத்தை நெடுக்காக அறுத்து, அடியில் தட்டுப்போல் இருக்கும் தண்டையும் நடுவில் உறங்கும் மொட்டையும் காட்டிவிட்டால், குமிழம் என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடும். அதன் பிறகு மண்ணுக்குப் போகிறோம்.

மண்ணின் சூட்டை அளக்கக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது, ஏறிய இடத்திலேயே நின்றும்விடும். ஆய்வகத் தெர்மாமீட்டரை இறுகிய மண்ணில் நேரே குத்தினால் உடையும். முதலில் கம்பியால் துளை போட்டு, பிறகு மெல்ல இறக்கி, சில நிமிடம் விட்டு, வெளியே எடுக்காமலே படிக்க வேண்டும். குனிந்து கண்ணை அளவுக்கோட்டுக்கு நேராக வைக்கப் பழக்குவதற்கே ஒரு வாரம் போகும். அதில் நான் அவசரப்படுவதில்லை. ஆழம் 5 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர். உலகப் பள்ளிகளுக்கான குளோப் திட்டத்திலும் இதே ஆழங்கள்தான்.

கடைசி மணிக்கு முன் எடுக்கும் அளவுதான் எனக்கு மிகப் பிடித்தது. வெயில் சாய்ந்து, 5 சென்டிமீட்டரில் சூடு இறங்கத் தொடங்கியிருக்கும். 10 சென்டிமீட்டரில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். “இது கெட்டுப்போச்சு மிஸ்” என்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. கெட்டுப்போனதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் கேட்பேன். யாராவது ஒருவன் இரண்டு தெர்மாமீட்டர்களையும் இடம் மாற்றி வைப்பான். அப்போதும் கீழே ஏற்றம்தான். வகுப்பறைக்குள் எவ்வளவு விளக்கினாலும் இந்த இடம் மாற்றும் யோசனை அவர்களுக்கு வராது. சந்தேகம் அவர்களுடையதாக இருந்தால்தான் வரும்.

வெப்பம் மண்ணுக்குள் துகள் துகளாக, நேரமெடுத்து இறங்குகிறது. மண்ணையும் ஈரத்தையும் பொறுத்து மாறினாலும், ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் இறங்குவதற்குள் பகலிரவு ஏற்றத்தாழ்வு மேற்பரப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்காகிறது. உச்சம் நான்கு மணி நேரம் பிந்துகிறது.

இந்தச் சூடு முளையை எப்படி மாற்றுகிறது என்று பார்க்க, ஒரு பாத்தியில் கேழ்வரகுத் தாளால் மூடாக்கு, பக்கத்துப் பாத்தி வெறுமண். எடை பார்த்து ஒரே அளவான வெங்காயங்களையே இரண்டிலும் ஊன்றுகிறோம். மூடாக்குப் பாத்தியில் முளை முந்தினால், சூடு குறைந்ததால் என்று உடனே எழுதிவிடுவார்கள். “ஈரமும்தான காயாம இருக்குது?” என்று கேட்டான் பின்வரிசைப் பையன் ஒருவன். அவன் கேட்டது முழுக்கச் சரி. இரண்டு பாத்தியை வைத்துக்கொண்டு சூட்டையும் ஈரத்தையும் பிரிக்க முடியாது. மூடாக்கில்லாமல் அடிக்கடி நீர் ஊற்றும் மூன்றாம் பாத்தி அந்தக் கேள்வியால் வந்தது.

பதிவேட்டில் ஒரு விதி உண்டு: பார்த்த நேரத்தையே எழுத வேண்டும். தேய்பிறை அஷ்டமியன்று காலபைரவர் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பஸ் பிந்தும். காலை அளவும் பிந்தும். ஒன்பது மணி என்று எழுதிச் சமாளிக்க ஆசை வரும். கூடாது. பிந்தும் ஒரு மணி நேரத்தில் சித்திரை மண் எவ்வளவு ஏறும் என்பதை அவர்களே அளந்து பார்த்திருக்கிறார்கள்.

எவ்வளவு ஆழத்தில் மாற்றமே இருக்காது என்று இப்போது கேட்கிறார்கள். பகலிரவு மாற்றம் அரை மீட்டருக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். ஆண்டின் கோடையும் பனியும் அதைப் போல சுமார் 19 மடங்கு ஆழம் போகும். 365இன் வர்க்கமூலம் அது. “அதான் மார்கழியில கெணத்துத் தண்ணி வெதுவெதுன்னு இருக்குதா?” என்றாள் சம்பங்கி வளர்ப்பவர் ஒருவரின் மகள். அவள் வீட்டுக் கிணற்றில் வாளிக்குள் தெர்மாமீட்டரைக் கட்டி இறக்க அவள் அப்பாவிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். தை பிறப்பதற்குள் ஒரு அளவு, சித்திரையில் ஒன்று.