பத்துக்கு எத்தனை என்று கேட்கும் கேள்விக்கு

அன்புள்ள கேள்வியே,

"வலியே இல்லைன்னா சைபர், தாங்கவே முடியலைன்னா பத்து. இப்போ எத்தனை?" அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கும் என் நாவில் இந்த உருவத்தில்தான் நீ குடியிருக்கிறாய். நாடித் துடிப்பை எண்ணலாம், ரத்த அழுத்தத்தை அளக்கலாம், விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜனைப் பார்க்கலாம். வலியை மட்டும் படுத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை நம்பி அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதக் கற்றுக்கொடுத்தவள் நீ.

கேள்வியே, விரல்களால் பதில் சொன்ன அந்த ஒடிசாப் பையனுக்காக உனக்குக் கடன்பட்டிருக்கிறேன். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வந்திருந்தான். தமிழ் தெரியாது, சத்தமும் போடவில்லை. கூட்டம் நெரியும் இரவில் சத்தம் போடாதவர்கள் பின்னால் தள்ளப்படுவார்கள். உன்னைச் சைகையால் கேட்டேன். ஒன்பது விரல்களைக் காட்டினான். எக்ஸ்ரேவுக்குத் தூக்கும் முன்பே காலுக்கு அணைப்புக் கட்டு வந்தது, மார்பின் என்ற வலி மருந்தும் ஊசியாக வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நடந்து 1993இல் வெளியான ஆய்வைப் படித்தபோது அவன்தான் நினைவுக்கு வந்தான். கை, கால் எலும்பு முறிந்து வந்த, லத்தீன் அமெரிக்க வழிவந்த ஹிஸ்பானிக் மக்களில் 55 சதவீதம் பேருக்கு வலி மருந்தே தரப்படவில்லை. வெள்ளையர்களில் அது 26 சதவீதம். எலும்பு முறிந்தால் யாருக்கும் வலிதான். ஆனாலும் யாருடைய வலி கண்ணில் படுகிறது என்பது வேறாக இருந்தது. எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கப்படுவதால்தான் உன்னை இவ்வளவு மதிக்கிறேன்.

கேள்வியே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவர்களுக்கு நியாயம் கிடைத்ததிலும் உனக்குப் பங்கு உண்டு. "வலி மருந்து போட்டுட்டா நோய் தெரியாமப் போயிடும், சர்ஜன் வந்து பார்க்கட்டும்" என்பது நான் பயிற்சியில் இருந்த காலத்தில் வேதவாக்கு. 1921இல் சக்கரி கோப் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் எழுதிய புகழ்பெற்ற நூலின் அறிவுரை அது. ஸ்கேன் இல்லாத காலம், கையால் அழுத்திப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு முறையான சோதனைகள் நடந்தன. மார்பின் வகை மருந்து கொடுப்பதால் நோயைக் கண்டறிவதில் தவறு கூடுவதில்லை என்று அவற்றைத் தொகுத்த காக்ரேன் ஆய்வு 2007இலும் 2011இலும் சொன்னது. இப்போது அப்பெண்டிக்ஸ் வலியோடு வருகிறவர் "எட்டு" என்றால், சர்ஜன் வரும்வரை அந்த எட்டோடு அவர் கிடக்க வேண்டியதில்லை.

கேள்வியே, எண் தெரியாத குழந்தைகளுக்காக நீ முகங்களாக மாறினாய். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டல்சா நகரில், தீக்காயப் பிரிவுக் குழந்தைகளோடு பழகிய டோனா வோங், கோனி பேக்கர் இருவரும் குழந்தைகளையே வரையச் சொல்லி அந்த ஆறு முகங்களை உருவாக்கினார்கள். கொதிக்கும் ரசம் கொட்டி வந்த சிறுமி ஒருத்தி என் கையிலிருந்த அட்டையில் அழுகிற முகத்தைத் தொட்டாள். மருந்து இறங்கிய பிறகு, கேட்காமலேயே வேறொரு முகத்தைத் தொட்டுக் காட்டினாள்.

கேள்வியே, உன்னை எப்போது கேட்பது என்பதைச் சொல்லித்தந்தவர் ஒரு பாட்டி. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர். "பிரசவ வலியையே தாங்கினவங்க, தாங்கிக்குவாங்க" என்று மகன் பதில் சொன்னார். "பரவால்ல தாயி, மூணுதான்" என்றார் பாட்டி. பெட்பேன் வைக்கத் திருப்பியபோது அந்த மூன்று பத்தானது. அசையாமல் படுத்திருக்கும்போது கேட்டால் பாதிதான் தெரியும். அன்று டாக்டர் அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி தொடையிடுக்கில் நரம்பை மரக்கச் செய்யும் பிளாக் ஊசி போட்டார். வயதானவர்களுக்கு மார்பின் அதிகமானால் மனக்குழப்பம் வரும், மூச்சு மந்தமாகும். பிளாக் போட்டால் அவ்வளவு மார்பின் தேவைப்படாது.

கேள்வியே, உன்மேல் பழியும் விழுந்தது. அமெரிக்காவில் உன்னை நாடி, ரத்த அழுத்தம் போன்றவற்றோடு ஐந்தாவது உயிர்க்குறியாக ஏற்றிவைத்து, எண்ணைக் குறைப்பதே குறியாக மார்பின் வகை மாத்திரைகளை அள்ளிக் கொடுத்தார்கள். அவற்றுக்கு அடிமையாவது பெருகியதும் 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அந்தப் பட்டத்தைக் கைவிடச் சொன்னது. நீ கேட்டது மாத்திரையை அல்ல, நோயாளியின் பேச்சை. குற்றம் உன்னுடையதில்லை என்றே நினைக்கிறேன்.

கேள்வியே, நம் நாட்டுத் துயரம் வேறு வகை. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் மார்பினுக்கு மூலமான அபின் உரிமம் பெற்று விளைகிறது, ஏற்றுமதியும் ஆகிறது. ஆனால் 1985இன் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்பினை வாங்கி வைக்கவே மருத்துவமனைகள் அஞ்சின. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதானது. ஆனாலும் மார்பின் வைக்கும் அலமாரி காலியாக இருக்கும் இடங்கள் இன்னும் உண்டு. மருந்தில்லாத இடத்தில் உன்னைக் கேட்பதற்கே நாக்கு கூசும். சட்டம் விட்டுக்கொடுத்த பிறகும் அந்த அலமாரியைக் காலியாக வைத்திருப்பதற்கு எந்த நிர்வாகத்திடமும் நியாயம் இல்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். யாரையாவது அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போனால், வலி எத்தனை என்று கேட்கும்போது அவரையே பதில் சொல்ல விடுங்கள். மருந்து கொடுத்து அரை மணி நேரம் ஆகியும் யாரும் மறுபடி கேட்கவில்லை என்றால், நீங்களே அவரிடம் கேட்டு, போய் அந்த எண்ணைச் செவிலியிடம் சொல்லுங்கள்.