மோரியும் தாழ்ப்பாளும்

சான்பாடாவின் அடுக்ககம் ஒன்றில் 73 வயது மூதாட்டி ஒருவர் குளியலறையில் தடுக்கி விழுந்தார். மகன் ஆசையோடு அமைத்திருந்த கண்ணாடிக் குளியல் கூண்டின் 6 அங்குல விளிம்பே காலை இடறியது. மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதங்கள் மருமகள்தான் குளிப்பாட்டினார். வலியைப் பொறுத்துக்கொண்ட மூதாட்டியால், பிறர் கண்முன் குளிக்கும் கூச்சத்தைப் பொறுக்க இயலவில்லை.

அக்கூச்சம் தாராவியில் தொடங்கியது. தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிப் பக்கத்தார் பலர் குடியேறியிருந்த அப்பகுதிக்கு, அவரும் மணமாகி வந்தார். ஒற்றை அறை வீட்டின் மூலையில், விளிம்பு கட்டிச் சரிவு வைத்து, ஒரு துளை வழியே நீரை வெளியேற்றும் சிறு தளம் இருந்தது. அதன் பெயர் மோரி. ஊரில் அவர் அங்கணம் என்று அறிந்திருந்ததன் உறவு. பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் குளிப்பதும் அங்கேதான். ஆண்கள் விழிக்குமுன், பழஞ்சேலையைத் திரையாகக் கட்டி, இரண்டு வாளி நீரில் குளித்து முடிப்பார். அவ்வாறே பல்லாண்டுகள் கழிந்தன.

1970இல் தொடங்கப்பட்ட சிட்கோ நிறுவனம் உருவாக்கிய நவி மும்பைக்கு, 1992இல் மான்குர்டு–வாசி ரயில் பாதை திறக்கப்பட்டது. கழிமுகத்தின் மறுகரை எட்டும் தொலைவாயிற்று. மகனின் குடும்பம் சான்பாடாவுக்குப் பெயர்ந்தது அந்தப் பாதையை நம்பித்தான்.

விபத்துக்குப்பின் கூண்டை அகற்றி, தரையோடு தரையாக நடந்து செல்லும் வாக்-இன் ஷவர் அமைக்க மகன் முடிவு செய்தார். விளிம்பை எடுப்பது எளிது. அது தடுத்துவைத்திருந்த நீரை வழிப்படுத்துவதே கடினம். பழைய தளத்தைப் பெயர்த்து, நீர்க்காப்புப் பூச்சு பூசி, மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சரிவு கொடுத்தனர். வடிகாலை அடைத்து 48 மணி நேரம் நீர் தேக்கி, கீழ்வீட்டுக் கூரையில் கசிவில்லை என்று கண்டபின்பே சொரசொரப்பான டைல் பதித்தனர். சுவரில் கைப்பிடிக் கம்பியும், அமர்ந்து குளிக்க ஓர் இருக்கையும் பொருத்தப்பட்டன.

வடிகாலில் பொருத்திய உறுப்பைப் பிளம்பர் ‘நஹானி டிராப்’ என்றார். சிறிது நீரைத் தன்னுள் நிறுத்தி, சாக்கடை வாடை மேலேறாமல் தடுப்பது அது. மராத்தியில் குளிக்குமிடத்தைக் குறிக்கும் சொல்லே நஹானி. இந்தியக் கட்டுமான நூல்களும் அதையே ஆள்கின்றன. பணி முடிந்த தளத்தைப் பார்த்த மூதாட்டி சிரித்தார். “ஏலே, இது நம்ம மோரிதானலே?”

அவர் கூற்றில் பிழையில்லை. மூலை, சரிவு, துளை ஆகிய மூன்றும் தாராவியிலும் இருந்தன. புதிய வசதி என்று விற்கப்படும் வடிவம் அவருக்குப் பழையது. அங்கே அவருக்குக் கிடைக்காதவை போதிய நீரும் ஒரு கதவும்.

ஆகவே கதவைப் பற்றித்தான் சண்டை வந்தது. மீண்டும் விழுந்தால் என்ன செய்வது என்று அஞ்சி, தாழ்ப்பாளே வேண்டாம் என்றார் மகன். “தாப்பா இல்லாம எதுக்குலே இம்புட்டுச் செலவு?” என்றார் தாய். முடிவில், வெளிப்புறம் திறக்கும் கதவும், அவசரத்தில் வெளியிலிருந்தும் ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய தாழ்ப்பாளும் வந்தன. உள்ளே விழுந்தாலும் உடல் கதவை அடைக்காது. அதுவரை தாழ்ப்பாள் அவர் கையில்.

முதல் நாள் அவர் உள்ளே சென்று தாழிட்டார். அரை மணி நேரம் நீர் விழும் ஓசை கேட்டது. மகன் கூடத்திலேயே நின்றார், கதவைத் தட்டவில்லை.