பென் டிரைவில் லினக்ஸ்: எழுதும் முன் ஒரு நிமிஷம்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீட்டில், பீரோவுக்கு மேலே பழைய சேலையில் சுற்றி வைத்த ஒரு மடிக்கணினி. அக்கா பிளஸ் டூ படித்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கருவி. அந்த ஆரம்ப வருஷங்களில் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வரும். சென்னை சி-டாக் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் கணினி கைக்கு வந்ததும் பெரும்பாலோர் அந்தப் பக்கமே போகவில்லை. அக்காவும் போகவில்லை.

2024 மே மாத விடுமுறையில் தம்பி அதைக் கீழே இறக்கினான். இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு முடித்த கை, சும்மா இருக்குமா? விண்டோஸ் 7 திறக்கவே ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் போலிருந்தது. 2 ஜிபி ரேம்தான். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு மேம்படுத்தல் கொடுப்பதை 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. இதைத் துடைத்துவிட்டு டெபியன் போட்டால் அம்மா யூடியூப் பார்க்கவாவது ஆகும் என்பது அவன் கணக்கு.

அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ஏல, அதுல ஆச்சி பாட்டு இருக்கு. பாத்துக்கோ."

அக்கா பி.ஏ. தமிழ் படித்தபோது, 2015-இல், ஆச்சியை உட்கார வைத்து செல்போனில் பதிவு செய்த பாட்டுகள் அவை. தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி, நடுவில் இரண்டு மூன்று கதை. மொத்தம் 23 கோப்புகள். ஆச்சி 2019-இல் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த செல்போனும் எப்போதோ போய்விட்டது. பாட்டு இருந்தது அந்த ஒரே ஹார்ட் டிஸ்க்கில்தான்.

தம்பி பொறுப்பில்லாதவன் என்று சொல்ல முடியாது. டவுனுக்குப் போய் 16 ஜிபி பென் டிரைவ் இரண்டு வாங்கினான். ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு நிறம். ஒன்றில் அக்காவின் பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் காப்பி செய்தான், சுமார் 5 ஜிபி வந்தது. இன்னொன்று லினக்ஸுக்கு. இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஏற்கெனவே லினக்ஸ் வைத்திருக்கும் நண்பன் வீட்டுக்குப் போனான்.

பூட் ஆகும் பென் டிரைவ் என்றால் என்ன?

புதிதாக முயல்கிறவர்கள் எல்லோரும் செய்யும் முதல் தப்பு ஒன்று உண்டு. டவுன்லோடு செய்த ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென் டிரைவுக்குள் காப்பி செய்துவிட்டு, "பூட் ஆகலையே" என்று முழிப்பது. சினிமாப் படத்தை காப்பி செய்கிற மாதிரி இதைச் செய்தால் வேலைக்கு ஆகாது. கணினியை ஆன் செய்த நொடியில் அதற்குக் கோப்பு, கோப்புறை எதுவும் தெரியாது. பழைய பயாஸ் கணினி வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டுகளில் சரியான முத்திரை இருந்தால் அங்கிருக்கும் குட்டி நிரலை ஓட்டும். அந்தக் குட்டி நிரல் அடுத்ததை எழுப்பும், அது கெர்னலை எழுப்பும். புதிய யுஇஎஃப்ஐ கணினிகள் அப்படியில்லாமல், ஃபேட் வகைப் பிரிவு ஒன்றில் குறிப்பிட்ட பெயரில் இருக்கும் பூட் கோப்பைத் தேடும்.

டெபியன், உபுண்டு போன்றவற்றின் ஐஎஸ்ஓக்கள் இந்த இரண்டு வகைக்கும் ஏற்றபடி தயாரிக்கப்பட்டவை. சிடியில் எழுதினாலும் ஓடும், பென் டிரைவில் எழுதினாலும் ஓடும். கலப்பு ஐஎஸ்ஓ என்று சொல்வார்கள். ஆனால் அதை ஒரு கோப்பாக உள்ளே வைக்கக் கூடாது. முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டு வரை வட்டின் மேலேயே அச்சு அடித்த மாதிரி எழுத வேண்டும். அதாவது, பென் டிரைவில் முன்பு இருந்த உள்ளடக்க அட்டவணையே காலி. இதை இந்தக் கட்டுரை முடிகிற வரை மறக்க வேண்டாம்.

விண்டோஸில் இருந்து எழுதுபவர்களுக்கு ரூஃபஸ் இருக்கிறது, பலேனா எட்ச்சர் இருக்கிறது. வென்டாய் என்று ஒன்று 2020-இல் வந்தது. அதை ஒருமுறை பென் டிரைவில் நிறுவிவிட்டால், அதன்பிறகு ஐஎஸ்ஓக்களை உண்மையாகவே காப்பி செய்து போட்டால் போதும், பூட் செய்யும்போது பட்டியல் காட்டும். லினக்ஸ்காரர்களுக்கு டிடி கட்டளை.

தம்பிக்கு டிடிதான் பிடிக்கும். ஒரே வரி. எதிலிருந்து எழுத வேண்டும், எதில் எழுத வேண்டும், அவ்வளவுதான் கேட்கும். யுனிக்ஸில் 1970-களிலிருந்து இருக்கிற கிழம் அது. தட்டச்சு செய்தவன் தெரிந்துதான் செய்கிறான் என்று நம்பும். "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்காது. வட்டை அழிப்பவன் என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு :-)

அன்று நடந்தது

நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ இறங்கியது. 700 எம்பிக்கும் குறைவுதான், மீதியை இன்ஸ்டால் செய்யும்போது இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஷா256 கூட்டுத்தொகையைச் சரிபார்த்தான், ஒத்துப்போனது. இவ்வளவு ஒழுங்காகச் செய்தவன், எல்எஸ்பிஎல்கே கட்டளை போட்டு வட்டுகளின் பட்டியலைப் பார்த்தான். எஸ்டிஏ என்பது நண்பனின் ஹார்ட் டிஸ்க். எஸ்டிபி ஒரு பென் டிரைவ். எஸ்டிசி இன்னொரு பென் டிரைவ்.

இரண்டையும் செருகியே வைத்திருந்தான். இரண்டும் ஒரே கொள்ளளவு. முதலில் செருகியது எஸ்டிபி, இரண்டாவது எஸ்டிசி என்று மனசுக்குள் ஒரு கணக்கு. முதலில் எதைச் செருகினான் என்பது மட்டும் தப்பு.

"மாப்ள, சரியாப் பாத்தியால?" என்று நண்பன் கேட்டான்.

"பாத்துட்டம்ல."

என்டர். சில நிமிடங்களில் முடிந்தது. வீட்டுக்கு வந்து எழுதிய பென் டிரைவைச் செருகி, பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தான். டெபியனின் நீலத்திரை வந்தது. முழு வட்டையும் பயன்படுத்தவா என்று கேட்டது, ஆம் என்றான். கடைசியில் மாற்றங்களை வட்டில் எழுதவா என்று இன்னொரு முறை கேட்டது. அந்த இடத்தில் நிறுவி 'இல்லை' என்பதைத்தான் முன்கூட்டித் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். வேண்டுமென்றே நகர்த்தித்தான் 'ஆம்' சொல்ல வேண்டும். தம்பி நகர்த்தினான்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. டெபியன் 12-இலிருந்து வைஃபைக்குத் தேவையான ஃபர்ம்வேரும் ஐஎஸ்ஓவிலேயே வருவதால் அந்தத் தலைவலியும் இல்லை. எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம், பழைய பெட்டி புதுசு மாதிரி ஓடியது. அம்மா யூடியூப் பார்த்தாள். அப்பா கூட எட்டிப் பார்த்தார்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா கேட்டாள். "ஆச்சி பாட்டை எல்லாம் திரும்பப் போட்டுட்டியால?"

இன்னொரு பென் டிரைவைச் செருகினான். காலி. கடையிலிருந்து வந்தபடியே, ஒரு கோப்பு கூட இல்லாமல் காலி.

புரிய அவனுக்கு அரை நிமிஷம் ஆனது. டெபியனை எழுதியது பாட்டு இருந்த பென் டிரைவில். அதையே வைத்து பூட் செய்து, பாட்டின் அசல் இருந்த ஹார்ட் டிஸ்க்கையும் துடைத்தாயிற்று. அக்காவிடம் சொன்னான். அவள் திட்டவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் அவனிடம் பேசவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

மீட்டது

ஒரு விஷயம் அவனைக் காப்பாற்றியது. பென் டிரைவ் 16 ஜிபி. ஐஎஸ்ஓ 1 ஜிபி கூட இல்லை. எழுதியது முன்பகுதியில் மட்டும்தான். உள்ளடக்க அட்டவணை போய்விட்டதால் கணினிக்கு எதுவும் தெரியவில்லையே தவிர, பின்னால் இருந்த பைட்டுகளை யாரும் தொடவில்லை. புத்தகத்தின் முதல் சில பக்கங்களைக் கிழித்துவிட்டால் பொருளடக்கம்தான் போகும், கடைசி அத்தியாயம் போகாது.

மடிக்கணினியை உடனே அணைத்தான். இது முக்கியம். ஓட ஓட அது ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கும். மறுநாள் நண்பன் வீட்டில் ஃபோட்டோரெக் என்ற கட்டற்ற மென்பொருளைப் போட்டான். பெயர்தான் ஃபோட்டோ, ஒலி, ஒளி, ஆவணம் என்று நிறைய வகைகளை மீட்கும். அட்டவணையை அது நம்புவதே இல்லை. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தொடக்கத்தில் ஓர் அடையாளம் உண்டு, அதை வட்டு முழுக்கத் தேடி, கிடைத்த இடத்திலிருந்து அள்ளிக்கொண்டு வரும். மீட்கும் கோப்புகளை வேறொரு வட்டில்தான் சேமிக்க வேண்டும், அதே வட்டில் சேமித்தால் மிச்சமிருப்பதும் போய்விடும்.

பென் டிரைவிலிருந்து 19 பாட்டு வந்தது. பிறகு மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேஸில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டான். அதிலிருந்து இன்னும் 3. பழங்கால சுழலும் வட்டு என்பதால் இது நடந்தது. எஸ்எஸ்டியாக இருந்திருந்தால், அழித்த இடத்தை அதுவே சுத்தம் செய்துவிடும், பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

மீண்டு வந்த கோப்புகளுக்குப் பெயர் கிடையாது. எல்லாம் வெறும் எண்கள். எது எந்தப் பாட்டு என்று தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டாக வேண்டும். அக்கா பதிவு செய்த காலத்தில் தம்பி பள்ளிக்கூடத்துப் பையன், கிரிக்கெட் மட்டையோடு வாசலில் நின்றவன். ஒரு பாட்டைக் கூட முழுசாகக் கேட்டதில்லை. இப்போது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு 22-ஐயும் கேட்டான். ஆச்சி நடுவில் இருமுகிறாள், வெற்றிலை கேட்கிறாள், "போதும்ட்டி" என்று அக்காவைச் செல்லமாகக் கடிகிறாள். ஒரு பதிவில் "இந்தப் பய எங்க போனான்?" என்று அவனைத் தேடுகிறாள்.

பட்டியலோடு அக்காவிடம் போனான். அவளே சரிபார்த்தாள். ஒரு நடவுப் பாட்டு மட்டும் இல்லை. அது வரவே இல்லை. அக்காவுக்குப் பாதி ஞாபகம் இருந்தது. ஆச்சியோடு வயலுக்குப் போன பக்கத்துத் தெரு பெரியம்மா ஒருத்தி இன்னும் இருக்கிறாள், அவளுக்கு இன்னும் கொஞ்சம் தெரிந்தது. அதைப் பதிவு செய்தார்கள். முழுசாக இல்லை, ஆச்சி குரலும் இல்லை. 23-ஆவது கோப்பு இப்போது அதுதான்.

நீங்கள் செய்யப் போகிறீர்களா?

1. எழுதப்போகும் பென் டிரைவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உருவிவிடுங்கள். இந்த ஒன்றைச் செய்திருந்தால் மேலே உள்ள கதையே இல்லை.

2. செருகும் முன் ஒரு முறை, செருகிய பின் ஒரு முறை வட்டுப் பட்டியலைப் பாருங்கள். புதிதாகத் தோன்றியது எதுவோ அதுதான் உங்களுடையது.

3. ஒரே மாதிரி பென் டிரைவ் இரண்டு வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் ஒன்றில் ரப்பர் பேண்டாவது போடுங்கள்.

4. எழுதி முடிந்ததாகக் காட்டியதும் உருவாதீர்கள். நினைவகத்தில் தேங்கியது வட்டில் இறங்க நேரமாகும். முறைப்படி வெளியேற்றிய பிறகே எடுங்கள்.

5. காப்பி எடுத்தால் போதாது. பழைய வட்டைத் துடைக்கும் முன், காப்பியை வேறொரு கணினியில் செருகி, இரண்டு கோப்பையாவது திறந்து பாருங்கள்.

6. திரும்பக் கிடைக்காத பொருளுக்கு ஒரே ஒரு காப்பி என்பது காப்பியே இல்லை.

ஆச்சி பாட்டு இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. அக்காவின் கணினியில் ஒன்று, தம்பியின் ஹாஸ்டல் அலமாரியில் ஒன்று, சித்தி வீட்டில் ஒன்று. சித்தி வீட்டுப் பென் டிரைவின் நிறம் சிவப்பு.