மன்னார்த் தீவின் முற்றங்கள்

ஐவகை நிலங்களுள் பாலைக்குத் தனக்கென ஒரு மண் இல்லை. வெயில் முதிர்ந்து வளங் குன்றிய முல்லையும் குறிஞ்சியுமே பாலையாக மாறும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் முறை. நெய்தல் பாலையாதலைப் பற்றி இளங்கோவடிகள் பேசவில்லை. மன்னார்த் தீவைப் பங்குனி மாதத்திற் கண்டிருப்பாராயின் பேசியிருப்பார் போலும். சுற்றிலும் கடல், நடுவே ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள மணல். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மாதங்களிற் கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. ஏப்பிரல் நடுப்பகுதியில், சித்திரைப் புத்தாண்டையொட்டி, சூரியன் தீவின் நேர் உச்சிக்கு வருகின்றது. அந்நாள்களில் நண்பகலில் நட்ட கம்பத்துக்கும் நிழல் இராது.

இத்தகைய வெயிலுக்கு ஒரு வீட்டு வளவை ஆயத்தஞ் செய்யும் வேலை வெயில் வந்தபின் தொடங்குவதன்று, மாரியிலேயே தொடங்குகின்றது. அதன் காரணம் மண்ணுக்கடியில் உள்ளது. தீவின் மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரோடு உடனே கலந்துவிடாது, அதன்மேல் மெல்லிய வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. உவர்நீரினும் நன்னீர் அடர்த்தி குறைந்தது என்பதே இதற்கு ஏது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலார் கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் படித்தால் அச்சந் தோன்றும். மேலே ஓரடி நீரை இறைத்து வற்றச் செய்தால், கீழிருந்து நாற்பது அடி உவர்நீர் மேலேறி வர இடமுண்டாகும். துலாவும் வாளியும் கொண்டு அள்ளிய காலத்தில் மனிதனின் தோள்வலியே கிணற்றுக்குக் காவலாய் இருந்தது.

ஆதலால் முற்றத்து மணலை மூடாது விடுதல் முதலாவது ஆயத்தமாகும். மாரியில் விழும் துளி விழுந்த இடத்திலேயே இறங்க வேண்டும். தை மாதத்தில், ஈரம் மண்ணில் இருக்கும்போதே, தென்னையைச் சுற்றிக் குழி வெட்டிப் பொச்சுமட்டைகளை அடுக்கிப் புதைப்பர். மட்டை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வேருக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கும். இளங்கன்றுக்கு அருகே, அடியில் துளையிட்டுத் துணித்திரி செருகிய முட்டி ஒன்றைப் புதைத்து நீர் நிரப்பி வைத்தல் மற்றொரு முறை. உவர் கலந்த நீரை நண்பகலில் மேலாகத் தெளித்தால், நீர் ஆவியாகிவிட இலையிலும் மண்ணிலும் உப்பே எஞ்சும். எனவே அந்திப் பொழுதில் அடியில் மட்டும் ஊற்றுவர். முகங்கழுவிய நீரும் பாத்திரங் கழுவிய நீரும் கிணற்றடி வாழைக்குச் செல்லும்.

நிழலுக்கு வேம்பே இம்மண்ணின் அரசு. மாசியிற் பழுத்த இலைகளை உதிர்த்து, வெயில் உச்சமடையும் பங்குனி சித்திரையிலே தளிர்த்துத் தழைக்கும் அதன் ஒழுங்கு வியப்புக்குரியது. உதிர்ந்த இலையை எரித்துவிடாது மரத்தடியிற் பரப்புவது வீட்டுப் பெண்களின் பழக்கம். வெளியூரார் பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தையே தேடிச் செல்கின்றனர். 19 மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள அப்பெருமரம் தன் அடிமரத்தில் நீரைச் சேமித்து, வறட்சியில் இலையை உதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்கின்றது. அதன் கீழ் வெயிலுக்கு ஒதுங்க நினைப்பவர் ஏமாறுவர்.

வெயிலினும் கொடியது காற்று. வைகாசி தொடங்கித் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம், மணலையும் உப்பையும் ஒருங்கே அள்ளி வந்து வாழையிலையை நார் நாராய்க் கிழிக்கும். 2020ஆம் ஆண்டு தீவின் தென்கரையில் தொடங்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் முப்பது சுழலிகளைச் சுற்றுவதும் இக்காற்றே. ஆகவே வளவின் தென்மேற்கு எல்லையிலேதான் வேலி அடர்த்தியாய் இருத்தல் வேண்டும். பூவரசும் கிளுவையும் கதியாலாக நின்று, இடையிடையே பனையோலை கட்டிய வேலி காற்றை முற்றாகத் தடுப்பதில்லை. சலித்து, வேகந் தணித்து உள்ளே விடுகின்றது. மதிலோ காற்றை மேலே எழுப்பி மறுபுறம் சுழற்றி வீழ்த்தும். ஓலைவேலிக்கு ஒரு குறையுண்டு: தெருவில் திரியும் மன்னார்க் கழுதைகள் பசியெடுத்தால் அதனை மதிப்பதில்லை.

1990இல் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். போரினால் தமிழரும் பலமுறை இடம்பெயர்ந்தனர். ஆளில்லாத வளவுகளில் வேலிகள் இற்று வீழ்ந்தன; கிணறுகள் தூர்ந்தன. 2009க்குப் பின் மீண்டு வந்தோர் பலர், இருபதாண்டு அலைச்சலின் பின், ஆண்டுதோறும் அடைக்க வேண்டிய ஓலைவேலியை விரும்பாது மதில் எழுப்பினர். முற்றத்துக்குச் சீமெந்து பூசினர். கிணற்றில் மின்மோட்டர் பூட்டினர். அவர்களைக் குறைகூறுதல் எளிது; நியாயமன்று. பலமுறை வீடிழந்தவனுக்கு மதில் என்பது வெறுங் கல்லன்று. ஆயினும் சீமெந்து, பகலில் உண்ட வெயிலை இரவெல்லாம் உமிழ்கின்றது. மணலோ பொழுது சாய்ந்த சிறிது நேரத்திற் குளிர்ந்துவிடும். சீமெந்தில் விழுந்த மாரிநீர் வீதிக்கு ஓடிவிடுகின்றது. மோட்டர் ஒரு மணி நேரத்தில் இறைப்பதைத் துலா ஒரு நாளிலும் இறைத்ததில்லை. தீவின் மணலிலுள்ள இல்மனைற்றை அகழும் திட்டங்களை அண்மைக் காலத்தில் மக்கள் எதிர்த்தபோது, தம் நன்னீரைத் தாங்கும் கலம் அம்மணலே என்ற அறிவும் அவ்வெதிர்ப்பில் இருந்தது. அவ்வறிவு சொந்த முற்றத்துக்கும் பொருந்துவதே.

மதிலை இடித்தல் வேண்டியதில்லை. அதன் உட்புறத்தே வேம்பும் பூவரசும் வரிசையாய் நிற்கலாம். வாயிலிலிருந்து திண்ணை வரை நடக்கும் தடம் தவிர மற்ற இடத்தை மணலுக்கே விட்டுவிடலாம். கூரைநீரைப் பீலியால் இறக்கிக் கிணற்றருகே ஒரு குழியிற் சேர்க்கலாம். கதியால் வேர் பிடிப்பதற்கு மார்கழி ஈரம் வேண்டும். அதனைத் தவறவிட்டோர் அடுத்த மாரி வரை, கன்றுகளின் தென்மேற்கே பனையோலை குத்தி நிறுத்திச் சமாளிக்கின்றனர்.