நான்கெல்லைக்குள்

விற்பதற்காக ஒரு வீட்டைத் தயார் செய்வது என்பது, அதில் இதுவரை யாரும் வாழவில்லை என்று வருகிறவர்களை நம்பவைக்கிற காரியம். வங்கியில் வீட்டுக் கடன் மேஜையில் பத்து வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் இந்தக் காரியத்தின் பின்பாதி எனக்குப் பழக்கம். மதிப்பீட்டு எஞ்சினியர் தருகிற காகிதத்தில் கட்டடத்தின் வயசு இருக்கும், சதுர அடி இருக்கும், ஓடா தளமா என்று இருக்கும். வக்கீலின் அபிப்பிராயத்தில் 30 வருஷத்து வில்லங்கம் இருக்கும். யார் எந்த மூலையில் படுத்தால் தூக்கம் வரும் என்பது எந்தக் காகிதத்திலும் இராது. முன்பாதியை, அதாவது இந்தக் காகிதங்கள் எழுதப்படுவதற்கு முன்னால் சுவருக்கும் தரைக்கும் நடப்பதை, உத்திரமேரூரில் எங்கள் வீட்டை விற்றபோதுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

விற்றதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்கால் முடியவில்லை. என்னோடு செங்கல்பட்டு வாடகை வீட்டுக்கு வந்தாக வேண்டும். அக்காவுக்கு, மகளின் நர்சிங் படிப்புக்காகப் பணம் வேண்டும். உயில் கிடையாது. அம்மா, அக்கா, நான் என்று மூன்று சம பங்கு. வீடு நெசவாளி வீடு: தெருவைப் பார்த்த திண்ணை, நாட்டு ஓடு, பின்கட்டில் கிணறு, கூடத்தின் நடுவில் குழித்தறி.

தரகர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து மூன்று காரியம் சொன்னார். "குழிய மூடணும் சார். செவுத்துக்கு டிஸ்டம்பர் அடிக்கணும். ஆள் வந்து பாக்கறப்ப அம்மாவ ரெண்டு மணி நேரம் கோயிலுக்கு அனுப்பிடணும்." அவர் படித்தது ஒன்பதாம் வகுப்பு. ஆனால் அமெரிக்காவில் இது ஒரு தனித் தொழிலாகவே இருக்கிறது. 1972 வாக்கில் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணி தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். விற்கிற வீட்டை நாடக மேடைபோல ஜோடிப்பது. குடும்பப் படங்களைக் கழற்றிவிடுவது. உடைமைக்காரரைப் பார்வை நேரத்தில் வெளியே அனுப்பிவிடுவது. வாங்க வருகிறவன் அங்கே தன்னைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும், பிறர் இருந்த தடம் அதற்கு இடைஞ்சல் என்பது தத்துவம். எங்கள் தரகர் யாரிடமும் பாடம் கேட்காமலே இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

முதலில் குழி. தறிக்குழி என்பது நெசவாளியின் இடுப்புக்குக் கீழே உள்ள பாதியைப் பூமிக்குள் வைத்துக்கொள்ள ஏற்பட்டது. தரைமட்டத்தில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிபலகையை மிதிக்க வேண்டும். அப்பா நாற்பது வருஷத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்தார். கோர்வைச் சேலைக்கு ஒரு பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ள ஒரு பையன் வேண்டும். எட்டு வயசிலிருந்து பி.ஏ. ஆங்கிலத்துக்குப் போகும்வரை அந்தப் பையன் நான். கொத்தனார் ஒரு டிராக்டர் கிராவல் கொட்டித் திமிசு போட்டு, மேலே சிமெண்டு பூசிக் கொடுத்தார். பழைய தரை சிவப்புக் காவி. அதே காவியைக் கலந்துதான் பூசினார். காய்ந்ததும் கூடத்தின் நடுவே நீள்சதுரமாக ஒரு வெளிறிய இடம் தெரிந்தது. நாலு நாள் கழித்து மறுபடியும் காவி தேய்த்தார். அப்போதும் தெரிந்தது. "பாய் விரிச்சுடலாம் சார்" என்றார் தரகர்.

அடுத்தது சுவர். தறிக்குப் பின்னால், உட்கார்ந்தபடியே கை எட்டுகிற உயரத்தில், அப்பா தச்சுப் பென்சிலால் கணக்கு எழுதிவைத்திருந்தார். பாவு வாங்கின தேதி, ஜரிகை எடை, முதலாளியிடம் வாங்கின முன்பணம், கழித்தது, நின்றது. இடையில் அக்கா பிறந்த நாழிகை. நான் பிறந்த நாழிகைக்கு நேர் கீழே ஒரு முன்பணம்.

இந்த ஊரில் சுவரில் எழுதிவைத்த வேறொன்று உலகப் பிரசித்தம். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக் கல்வெட்டுகள், முதலாம் பராந்தகன் காலத்தவை, கி.பி. 919, 921. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். 30 குடும்பு, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வது. தகுதிகளை வாசித்தால் விஷயம் வேறு. 921ஆம் வருஷத்து விதிப்படி கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். வயசு 35க்கு மேல், 70க்குக் கீழ். வேதம் அறிந்திருக்க வேண்டும். தன் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகாது. அவன் உறவினர் பெயரும் போகாது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் அடிக்கல் நாட்டு விழாவில் பிரதமர் இதைக் குறிப்பிட்டுப் பேசியதிலிருந்து தரகருக்கும் இது ஒரு சரக்காகிவிட்டது. வருகிறவர்களிடம் அவர் சொன்ன பெருமைகள் மூன்று: கிணறு ஈசானிய மூலையில் இருக்கிறது, பரந்தூரில் விமான நிலையம் வரப்போகிறது, இது ஜனநாயகம் பிறந்த ஊர். பரந்தூர் இங்கிருந்து காஞ்சிபுரத்தையும் தாண்டிப் போக வேண்டிய தூரம். 2022ல் அந்த இடம் அறிவிக்கப்பட்டதிலிருந்து அங்குள்ள ஏகனாபுரத்துக்காரர்கள் வீட்டையும் ஏரியையும் தர மாட்டோம் என்று போராட்டத்தில் இறங்கினார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. மூன்றாவது பெருமையைப் பொறுத்தவரை, அந்தக் குடத்தில் தறிக்காரன் பெயர் விழுந்திருக்க வழியே இல்லை. எனக்கு இப்போது 36. வயசு விதி ஒன்றில் தேறினேன். சொந்த மனையில் வீடு என்ற விதியில் பத்திரம் பதிவாகிற அன்றுவரை மூன்றில் ஒரு பங்கு தேறினேன்.

ஆனால் கணக்குக் காட்ட வேண்டும் என்ற விதி எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பாவின் சுவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. சபையின் கணக்கு கல்லில் நின்றது. தறிக்காரனின் கணக்கு சுண்ணாம்பில் பென்சிலாக நின்றது. கல்லுக்கும் முழுப் பாதுகாப்பு கிடையாது. திருப்பணி என்ற பேரில் சுண்ணாம்பு பூசியும் மணல் வீசி அடித்தும் எத்தனையோ கோயில்களில் எழுத்து மழுங்கிப்போயிருக்கிறது. கும்பாபிஷேகத்துக்குக் கோயிலைத் தயார் செய்வதும் தரகருக்கு வீட்டைத் தயார் செய்வதும் ஒரே மனப்பான்மை. டிஸ்டம்பர் அடிப்பதற்கு முதல் நாள் இரவு ஒரு நோட்டில் சுவரைப் பிரதி எடுத்தேன். நான்கரைப் பக்கம் வந்தது. பல இடங்களில் திரும்பத் திரும்ப வந்த ஒரு குறிப்பு மட்டும் புரியவில்லை: "மழை", பக்கத்தில் ஒரு சைபர்.

அதற்குப் பொழிப்பு சொன்னவள் அம்மா. அதைச் சொன்னது வீடு பார்க்க வந்தவரிடம். தரகர் சொன்ன மூன்றாவது காரியம் நடக்கவில்லை. கோயிலுக்குப் போகும்படி அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டாள். கால் வலியோடு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் வீட்டை அறிமுகம் செய்துவைத்தாள். எந்த இடத்தில் ஓடு ஒழுகும், எந்த வருஷம் பாம்பு வந்தது, கிணறு எந்த மாசம் வற்றும். மேற்குச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் உண்டு. கொத்தனார் அதை அடைத்துப் பட்டி பார்த்து மேலே வர்ணம் அடித்துவிட்டிருந்தார். வேலை சுத்தமாக இருந்தது, தெரிந்தவனுக்கும் தெரியாது. வந்தவர் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்துத் திருப்தியோடு நகர்ந்தபோது அம்மா சொன்னாள்: "அந்தச் செவுரு நம்பாத தம்பி. உள்ள விரிஞ்சிருக்கு. ஐப்பசி கார்த்திகையில தண்ணி எறங்கி, குழியில வந்து நிக்கும். பாவு நமுத்துப் போவும். எங்க வூட்டுக்காரரு நாளெல்லாம் சும்மா குந்தியிருப்பாரு. கூலி கெடையாது." சைபருக்கு அர்த்தம் அதுதான்.

1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாங்குகிறவன் சாதாரண ஜாக்கிரதையோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை விற்கிறவனுக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது. பட்டி பூசிய விரிசல் இதற்குப் பாடப் புத்தக உதாரணம். அம்மாவுக்கு அந்தப் பிரிவு தெரியாது. அவள் குறை சொல்கிற தொனியிலும் பேசவில்லை. தான் குடித்தனம் நடத்திய இடத்தைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னாள். வந்தவர் கேட்ட விலையில் ஒரு லட்சம் குறைத்தார். அக்கா இரண்டு வாரம் அம்மாவோடு பேசவில்லை. அக்கா பக்கமும் நியாயம் இருந்தது. அந்தப் பணம் காலேஜில் ஒரு வருஷத்துக்குப் போகவேண்டிய பணம். உண்மை பேசுகிறவர்களுக்கு நர்சிங் காலேஜ்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வதில்லை.

செகாவின் 'செர்ரித் தோட்டம்' 1904ல் மேடையேறிய நாடகம். அதில் விற்பனைக்கு வருகிற வீட்டை யாரும் தயார் செய்வதில்லை. பிரபுக் குடும்பம் நூறு வயசான புத்தக அலமாரிக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, பண்ணையடிமைகளின் வழிவந்த லொப்பாஹின் ஏலத்தில் எடுத்துவிடுகிறான். மரங்களை வெட்டி, வீட்டை இடித்து, மனை மனையாகப் பிரித்துக் கோடை வீடுகளுக்கு விட வேண்டும் என்பது அவன் திட்டம். காஞ்சிபுரம் சாலையில் வயல் நடுவே நிறக் கற்கள் நட்டு வளைவு வைத்திருக்கிறார்களே, அவர்களுக்கு அவன் மூதாதை. கல்லூரியில் இந்த நாடகத்தை அழிந்துபோகும் அழகைப் பற்றிய சோகமாகவே எங்களுக்குப் பாடம் சொன்னார்கள். லொப்பாஹினின் அப்பனும் தாத்தனும் அந்த வீட்டில் எதுவரை நுழைய முடிந்தது என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் எல்லோரும் கிளம்பிப் போகிறபோது 87 வயசு வேலைக்காரன் ஃபிர்ஸை மறந்து உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். எங்கள் தரகர் கிழவியை வெளியே அனுப்பச் சொன்னார். இரண்டும் நேர் எதிரான காரியங்கள்போலத் தோன்றினாலும், வீட்டுக்கு ஞாபகமாக இருக்கிற ஆளை என்ன செய்வது என்று இரண்டு தரப்புக்குமே தெரியவில்லை என்பது பொது.

இதை நம் எழுத்துக்கு உவமையாக்கிவிடுகிற ஆசை ஒரு விமர்சகனுக்கு எழும். கொஞ்சம் இடம் கொடுக்கிறேன். நம் கதைகளில் ஒரு பகுதி இப்போது பார்க்க வருகிறவனை உத்தேசித்தே எழுதப்படுகிறது. பரிசுக் குழுவோ, மொழிபெயர்ப்பாளரோ, வெளியூர் வாசகரோ கூடத்துக்குள் நுழைகிறபோது கால் இடறக்கூடாது என்று குழிகள் முன்கூட்டியே மூடப்படுகின்றன. வட்டார வழக்கு பாய்போல விரிக்கப்படுகிறது. அடியில் இருப்பது தெரியாது. இவற்றில் வேலைப்பாடு குறைவு என்று சொல்ல மாட்டேன். பட்டி சுத்தமாகவே பார்க்கப்பட்டிருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே இறங்கும் என்று சொல்லக்கூடிய ஆள்தான் உள்ளே இல்லை. உருவம், உத்தி என்று நாம் பேசிக்கொண்டிருப்பதெல்லாம் இந்த ஆள் திண்ணையில் இருக்கிறபோதுதான் அர்த்தமுள்ள பேச்சு என்று எனக்குப் படுகிறது. இதற்கு மேல் உவமையை இழுத்தால் அதுவும் ஒரு டிஸ்டம்பர்.

முன்பணம் கைமாறிய பிறகு வாங்கினவர் ஒரு விஷயம் சொன்னார். வீட்டை அவர் வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஓட்டைப் பிரித்து, சுவரை இடித்து, கீழே கடையும் மேலே குடித்தனமும் கட்டப்போகிறார். ஆரம்பத்திலிருந்தே அவர் பார்த்தது தெரு முகப்பின் அடிக் கணக்கை மட்டும். குழியை மூடிய செலவு, வர்ணச் செலவு, விரிசலுக்காகக் குறைந்த ஒரு லட்சம் எல்லாமே அநாவசியம் என்றாயிற்று. விரிசலை அவர் ஒரு பேரம் பேசும் பொருளாகப் பயன்படுத்திக்கொண்டார், அது வியாபாரம். அக்கா இதைக் கேட்டு முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள். "இடிக்கிறவருகிட்டப் போயி செவுரு பத்தி சொன்னியேம்மா" என்றாள். அம்மாவுக்கு இதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "இடிக்கிறப்ப மேல வுழுந்துட்டா?" என்று கேட்டாள்.

கிரயப் பத்திரத்தில் எங்கள் வீடு நான்கு எல்லைகளாக இருந்தது. ஒரு பக்கம் தெரு, மற்ற மூன்று பக்கமும் பிறர் மனைகள், இதற்கு உட்பட்ட சதுர அடி இவ்வளவு. சோழர் கால விலை ஆவணங்களிலும் நான்கெல்லை சொல்லி, மேலே வளர்கிற மரத்தையும் கீழே இறங்குகிற கிணற்றையும் சேர்த்தே விற்பார்கள். அந்த வழக்கம் இன்னும் போகவில்லை. ஜலம், தரு, பாஷாணம், நிதி, நிக்ஷேபம் உட்பட சகல பாத்தியங்களும் என்று எங்கள் பத்திரமும் சொல்லிற்று. சார்பதிவாளர் அலுவலகத்து வேப்ப மரத்தடியில் பத்திர எழுத்தர் ஒருமுறை முழுக்க வாசித்துக் காட்டினார். நிக்ஷேபம் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள்.

"பூமிக்குள்ள பொதைச்சு வச்சதும்மா. அதுவும் இனிமே அவருக்குத்தான்."

அம்மா தலையசைத்துவிட்டு, காட்டின இடத்திலெல்லாம் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.